பதினேழு வயதில் ஓட்டம் நின்றுவிடும் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகளுக்கு 800 மீற்றரும் 1500 மீற்றரும் பழக்குவதுதான் கனகாலமாக என் வேலை. நானும் இதே தூரங்களை மாகாண மட்டம் வரை ஓடியவள்தான். எங்கள் பிள்ளைகளுக்கு வேகம் காணாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். வலயப் போட்டிக்கு வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஒருக்கால் வந்து பாருங்கள், சப்பாத்துக்கூட இல்லாமல் செம்மண் தரையில் என்ன ஓட்டம் ஓடுகிறார்கள் என்று. அதே பிள்ளைகள் பதினேழு வயதில் மைதானத்தில் இல்லை.

மத்திய தூர ஓட்டம் வருடக்கணக்கில் கட்டி எழுப்ப வேண்டியது. இருதயமும் சுவாசமும் காலும் சேர்ந்து பழக வேண்டும், இடையில் இரண்டு வருடம் விட்டால் கிட்டத்தட்ட முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். 2023 ஒக்ரோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தருஷி கருணாரத்ன 2 நிமிடம் 3.20 செக்கனில் 800 மீற்றர் ஓடித் தங்கம் எடுத்தபோது, அவர் கண்டிப் பக்கம் வலல என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த பாடசாலைப் பிள்ளை. அந்த ஓட்டத்தை என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு பாடசாலை மைதானத்தில் இருந்து, இடையில் விடாமல் பழகினால், அவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்கள் கண்ணால் காண வேண்டும்.

இங்கே முதல் இடைவெளி பிள்ளை பெரியபிள்ளையானதும் வருகிறது. உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறார்கள், அப்புறம் அந்த உடம்போடு ஓடக் கூடாது என்கிறார்கள். காற்சட்டை, ஊர்க் கதை, வெயிலில் கறுத்துப்போவாள், கர்ப்பப்பைக்குக் கூடாது என்று காரணங்கள் வரும். 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறை 800 மீற்றர் ஓடினார்கள், ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். ஓடி முடித்துக் களைத்து நின்றவர்களைப் பார்த்துப் பத்திரிகைகள் பெண் உடம்பு இதைத் தாங்காது என்று எழுத, அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோமில்தான் திரும்ப வந்தது. அம்மம்மாமார் கர்ப்பப்பைக் கதை பேசினால் நான் இந்த ஒலிம்பிக் கதையைச் சொல்லுவேன். 800 மீற்றர் ஓடி முடித்தால் ஆம்பிளைகளும்தான் தரையில் கிடப்பார்கள்.

இரண்டாவது இடைவெளி ரியூசன். சாதாரண தரம் நெருங்கினால் பின்னேரம் முழுக்க வகுப்பு, அதனால் விடிய ஐந்தரைக்குப் பயிற்சியை மாற்றினேன். வெளிச்சமில்லாத ஒழுங்கைகளும் கட்டாக்காலி நாய்களும் இருக்கிற ஊரில் அந்த நேரத்துக்குப் பெண் பிள்ளையைத் தனிய விட முடியாது. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வேலியோரம் நிற்கும் அப்பாமார் இல்லாவிட்டால் என் வேலை நடக்காது.

சொல்லிக்கொடுக்க எனக்கு மிகவும் பிடித்தது வளைவு. எங்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்தான், 800க்கு நான்கு சுற்று. உள்கோட்டில் இருந்து ஒரு மீற்றர் விலகியே நான்கு சுற்றும் ஓடினால் 25 மீற்றர் கூட ஓட வேண்டும் என்று கயிறு பிடித்து அளந்து காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், வளைவில் முந்தக் கூடாது, நேர்ப்பகுதி வரை பொறுத்திருக்க வேண்டும் என்று. ஆனி, ஆடியில் சோழகம் வீசும்போது காற்றுக்கு எதிரே முன்னுக்குப் போகாமல் ஒருத்தியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடவும் அந்த மைதானத்திலேயே பழகிவிடுகிறார்கள். கொழும்பு சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதையில் இறங்கினால் இரண்டே சுற்று, கால் தன்பாட்டில் பறக்கும், முதல் 200ஐ அள்ளிக்கொண்டு ஓடிவிட்டு அறுநூறில் கால் கல்லாகிவிடும். 2:24 ஓடக்கூடிய பிள்ளைக்கு முதல் சுற்று 70, இரண்டாவது 74 என்று நான் சொல்லி அனுப்பினாலும், துவக்குச் சத்தம் கேட்டதும் அறுபத்தைந்தில் போய்விடும்.

சாப்பாடும் என் வேலைதான். மாதவிடாயில் இரத்தம் போகிறது, பயிற்சி கூடுகிறது, வீட்டில் வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாக் காலமும் மீன் கிடையாது. பிள்ளை வேகம் குறைந்து ஓடினால் சோம்பல் என்று ஏசுவதற்கு முதல் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுவேன், பல தடவை இரும்புச்சத்துக் குறைவுதான். பயறு, கடலை, முருங்கையிலை, அதோடு தேசிக்காய்ப் புளி. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

இவ்வளவும் தாண்டி உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு ஓட இடமில்லை. நாட்டின் நல்ல ஓட்டக்காரர்களில் கனபேர் முப்படைகளில் இருக்கிறார்கள், அங்கே சம்பளம், தங்குமிடம், பயிற்றுநர் எல்லாம் உண்டு. யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள ஊரில், மகளை அங்கே அனுப்புங்கள் என்று ஒரு தாயிடம் நான் எப்படிக் கேட்பது? சிலர் கல்வியியற் கல்லூரிக்குப் போய் உடற்கல்வி ஆசிரியை ஆகிறார்கள், அது நல்லதுதான், ஆனால் அவர்கள் ஓட வேண்டிய வயதில் ஓட்டம் நின்றுவிடுகிறது.

என்னிடம் பழகிய ஒரு பிள்ளை இப்போது ஒரு புடவைக் கடையில் இரவு எட்டு மணிவரை நின்றபடி வேலை செய்கிறாள். ஞாயிறு விடிய வந்து ஓடுவாள். கிழமைக்கு ஒரு நாள் ஓடியும் அவளுடைய வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு விடக்கூடிய ஒரு முதலாளியைத்தான் அவளுக்குத் தேடுகிறேன், யாழ்ப்பாணத்தில் கடையோ கந்தோரோ வைத்திருப்பவர்களிடம் நேரில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.