ஸ்டேஜ்

ஜனவரி 21, 2024

பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய், இரைப்பையில் ஆரம்பித்துக் கல்லீரல் வரை பரவியிருக்கிறதாம். டாக்டர் அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் மட்டும் பேசினார். நோய் அவருக்கு, சேதி எங்களுக்கு. வெளியே வருவதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்து, "அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அல்சர்னு சொல்லிக்கலாம்" என்றான். தலையாட்டினேன். திரும்பும் வழியில் மன்னார்குடியில் டீ குடித்தோம். அப்பா மீதிச் சில்லறையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துதான் பையில் போட்டார்.

பிப்ரவரி 3

ராத்திரி வலிக்குத் தலையணையைக் கடிக்கிறார். 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்றால் பிபி, சுகர் மாத்திரை கொண்டுவருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கவே தனியாக ஒரு நர்ஸ் இருக்கிறார், வீட்டுக்கே வந்தார். அவர் சொல்லித்தான் மார்ஃபின், கடும் வலிக்கான மாத்திரை. ஊர் மெடிக்கலில் கிடைக்காது, 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கிய பிறகும் அனுமதி உள்ள மருத்துவமனையில்தான் தருகிறார்கள், போக வர எனக்கு ஒரு பகல் போயிற்று.

வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாதாம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. "போதை மருந்து கொடுத்துப் பழக்கிடாதம்மா" என்று சித்தப்பா போனில் கவலைப்பட்டார். பழகி எங்கே போகப் போகிறார் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

பிப்ரவரி 6

மூன்று நாளாகத் தூங்குகிறார். ஒரு இட்லி, பாதி கிளாஸ் மோர், தினத்தந்தி. இப்படி இருப்பவரை அத்தனை நாள் வலியில் போட்டு வைத்திருந்தோமே.

பிப்ரவரி 9

இதை எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். கால் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, எத்தனாவது ஸ்டேஜ்?" என்றார். அல்சருக்கு ஏதுப்பா ஸ்டேஜ் என்று ஆரம்பித்தேன், குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. "முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன்கிட்ட ஸ்டேஜை மறைக்கிறீங்களா? ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் கணக்கை எழுதி மூடணும்மா, இல்லேன்னா செக்கிங் ஏறினா மாட்டிக்குவோம்" என்று சிரித்தார். நாலு என்றேன். "ம்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் கூட்டுறவு வங்கியில் அம்மாவின் வளையல் அடகில் இருப்பதையும், ரசீது பஞ்சாங்கத்துக்குள் இருப்பதையும், சித்தப்பாவிடம் பேசாமல் இருந்த ஆறு வருஷம் அசட்டுத்தனம் என்பதையும் வரிசையாகச் சொன்னார். எங்களுக்காகத்தான் இத்தனை நாள் அவரும் அல்சர் என்று நடித்திருக்கிறார். அம்மாவுக்கும் தெரியுமாம், முதல் வாரமே இரண்டு பேரும் பேசிவிட்டார்களாம்! அண்ணனும் நானும்தான் வீட்டில் குசுகுசுவென்று திரிந்த முட்டாள்கள்.

பிப்ரவரி 12

சித்தப்பா வந்தார். இரண்டு பேரும் வயல் அறுப்பைப் பற்றி மட்டுமே பேசினார்கள். போதும்.

ஐசியூ, குழாய் எதுவும் வேண்டாம் என்று அப்பா தெளிவாகச் சொல்கிறார். இதை எழுதி வைக்க 2018இலேயே உச்ச நீதிமன்றம் வழி விட்டிருக்கிறது, 2023இல் இன்னும் சுலபமாக்கினார்கள், இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும் என்று வாசித்துக் காட்டினேன். "சாவறதுக்கும் அட்டெஸ்டேஷனா" என்றார். எழுதவில்லை. அண்ணனை அழைத்து நேரில் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 24

இரண்டு நாளாக நினைவில்லை. பாதம் சில்லிட்டு, தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருக்கிறது. தொண்டையில் கரகரவென்று கோழைச் சத்தம். நர்ஸ் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார், அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்கு அநேகமாகத் தெரியாது என்றார்.

அத்தை பால் ஊற்ற வேண்டும் என்கிறார். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும் என்று நர்ஸ் எச்சரித்திருக்கிறார். அத்தைக்கு அது புரியாமலில்லை, தம்பிக்குக் கடைசியாக ஒரு வாய் கொடுக்காமல் எப்படி என்பதுதான் அவர் கேள்வி. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவலாம் என்று முடிவானது. இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறாரே என்று பக்கத்து வீட்டுப் பாட்டி காசை உரசித் தண்ணீரில் விடச் சொன்னார், கண்டக்டர் இல்லையா, சில்லறை ஆசை போகாதாம். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

அண்ணன் ராத்திரி பதினோரு மணிக்கு, "ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா, ஒரே ஒரு தடவை" என்று போனோடு நின்றான். திட்டத் தோன்றவில்லை, எனக்கும் அந்த நேரம் அதே நினைப்புதான். அம்மாதான் போனை வாங்கி வைத்தார்.

பிப்ரவரி 25

விடிகாலை நாலே கால். நாலு மணி மாத்திரை நேரத்துக்கு எழுந்துகொள்ளும் பழக்கத்தில் முழித்துதான் இருந்தேன். மூச்சு ஒன்று வந்து, நெடுநேரம் இல்லாமல், இன்னொன்று வந்து, அடுத்தது வரவில்லை.

மார்ச் 2

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தேன். பதினாறு. நர்ஸ் இரண்டு தடவை எண்ணிவிட்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அம்மாவுக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். வருவதில்லை என்றேன். வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.