தோள்மேல் நீர்க்கட்டியா? ஊசி போடும் முன் ஜவ்வைப் பாருங்கள்

காறை எலும்பு தோளில் வந்து சேரும் இடத்தில் மெத்தென்று ஒரு வீக்கம். பெரிய வலி இருக்காது. கொழுப்புக் கட்டி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் "தண்ணிதானே, எடுத்துடலாம்" என்று ஊசியால் உறிஞ்சிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் கட்டி அதே இடத்தில் திரும்ப நிற்கும். அறுபது தாண்டியவருக்கு இப்படி வந்தால் அடியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மேற்கை எலும்பின் பந்தைக் குழியின் நடுவில் பிடித்து வைப்பவை நான்கு தசைகளின் ஜவ்வுகள். இவற்றைச் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். மேல்பக்கத்து ஜவ்வு பெரிதாகக் கிழிந்து வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால், பந்து மேலேறி, தோளின் உச்சியில் கூரை போல நிற்கும் அக்ரோமியன் எலும்பில் உரசும். அந்த உரசலில் காறை எலும்பு மூட்டின் அடிப்பக்க உறை நைந்து ஓட்டை விழும். தோள்மூட்டுத் திரவம் அதன் வழியே ஏறித் தோலுக்கடியில் தேங்கிவிடும். ஐப்பசி மழையில் தெரு மேன்ஹோல் பொங்குவது மாதிரிதான். மேலே இறைத்துக்கொண்டே இருந்தால் தீராது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கீசர் சைன்' என்று எழுதுவது இதைத்தான். கிழிசலே இல்லாமல், அந்தச் சின்ன மூட்டின் தேய்மானத்தால் மட்டும் கட்டி வருவதும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

சென்னையில் சர்க்கரை உள்ளவருக்குத் தோள் வலித்தால் உடனே ஃப்ரோஸன் ஷோல்டர் (மூட்டு உறை இறுகிப்போவது) என்று பெயர் வைத்துவிடுகிறோம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கத் தானாகக் கை எழவில்லை, இன்னொருவர் தூக்கிவிட்டால் முழுக்கப் போகிறது என்றால் ஜவ்வைச் சந்தேகப்படுங்கள். தூக்கிவிட்டாலும் போகவில்லை என்றால் ஃப்ரோஸன் ஷோல்டருக்கு வாய்ப்பு அதிகம். இருட்டில் டார்ச் அடித்தால் நீர்க்கட்டி ஒளிரும். ஆனால் கொழுப்புக் கட்டியும் சில சமயம் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும். பந்துக்கும் அக்ரோமியனுக்கும் நடுவே 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இடைவெளி இருந்தால் பெரிய கிழிசல் என்று கணிக்கலாம். அடுத்தது எம்ஆர்ஐ. ஸ்கேன் சென்டரில் படுப்பதற்கு முன் கட்டியை டெக்னீஷியனிடம் தொட்டுக் காட்டுங்கள். வழக்கமான தோள் படத்தில் உச்சிப் பகுதி விட்டுப்போகலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவைவிட மூன்று விஷயங்கள் முக்கியம்: கிழிசல் எத்தனை சென்டிமீட்டர், ஜவ்வின் நுனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு எந்த அளவு ஏறியிருக்கிறது. கொழுப்பை கூட்டாலியர் முறையில் 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 3, 4 என்றால் தைத்தாலும் ஒட்டுவது கடினம். இந்தத் தகவல் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து ஆபரேஷன் முடிவெடுக்க வேண்டாம்.

திரும்பத் திரும்ப உறிஞ்சுவதில் ஆபத்து இருக்கிறது. குத்திய துளை மூடாமல் திரவம் கசிந்துகொண்டே இருக்கலாம், அந்த வழியே கிருமி மூட்டுக்குள் போகலாம். எண்ணெய்க் கட்டு, சூடான ஒத்தடம் எதுவும் கிழிசலை மூடாது. கட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

வலி இல்லை, தோலும் மெலியவில்லை என்றால் கட்டியை விட்டுவைக்கலாம். தைக்கக்கூடிய கிழிசலை ஆர்த்ரோஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுத் தைப்பார்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் கைத்தூளி, எடை தூக்க ஏறக்குறைய ஆறு மாதம். தைக்க முடியாத கிழிசலோடு மூட்டும் தேய்ந்துபோன முதியவருக்கு பந்தையும் குழியையும் இடம் மாற்றிச் செயற்கை மூட்டு வைக்கும் ரிவர்ஸ் ஷோல்டர் மாற்றுச் சிகிச்சை உண்டு. பெரிய ஆபரேஷன் தாங்காதவருக்குக் கட்டியோடு காறை எலும்பின் நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் எடுப்பார்கள்.

தோளின் பின்புறம் எலும்புப் பள்ளத்தில் வரும் நீர்க்கட்டி வேறு ரகம். அது பெரும்பாலும் குழியின் விளிம்புச் சவ்வான லேப்ரம் கிழிந்து வருவது. நரம்பை அழுத்தினால் பின்தசை சூம்பும்.

ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, மறுகையால் தாங்கிக் கையை நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவையாவது. பழகியதும் தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்திக்கொண்டு செய்யலாம். முன்தோள் தசை கிழிந்த ஜவ்வின் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ள 12 வாரம் பிடிக்கும்.