பங்குனி வெயிலும் ஒரு ஜாடி மாவடுவும்

மாசி கடைசியில் விடியற்காலைக் குளிர் விட்டதும் வீட்டில் மூன்று வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். முதலில் மண்பானை, அடுத்து மாவடு, அதன் பிறகு வேப்பம்பூ. மார்ச் நடுவில் பங்குனி பிறப்பதற்கும் ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை பிறப்பதற்கும் இடையே இந்த மூன்றும் முடிந்துவிட வேண்டும். செலவு அதிகமில்லை, கைப்பக்குவமும் கடினமில்லை. நாள் தப்பக்கூடாது, அவ்வளவுதான். மாவடுவில் கொட்டை முற்றிவிட்டாலோ, வேம்பு பூ முடிந்து காய்க்குப் போய்விட்டாலோ அடுத்த வருஷம்தான். நாங்கள் செய்து பார்த்து நிலைத்த அளவுகளையும், எது எங்கே கெடுகிறது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

பானையை மாசியிலேயே வாங்கிவிடுவது நல்லது. வெயில் ஏற ஏற விலையும் ஏறும், நல்ல பானைகளும் போய்விடும். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, இல்லையென்றால் சூளையில் சரியாக வேகவில்லை. வெளியே பெயின்ட், வார்னிஷ் பூசிய பானை அழகுக்கு மட்டும்தான். நீர் மண்ணின் நுண்துளை வழியே கசிந்து வெளியே ஆவியானால்தான் உள்ளே குளிரும், பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிடும். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு இரண்டு மூன்று நாள் நிரப்பி நிரப்பிக் கொட்டினால் மண்வாசனை மட்டுப்படும். சோப்பு கூடவே கூடாது. மண் அதைக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் தண்ணீரில் விடும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும்.

தட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஈர மணல் பரப்பி, காற்று வரும் ஜன்னலோரம் பானையை வையுங்கள். அடுக்களை மூலையில் வைத்தால் பாதிப் பலன்கூட இருக்காது. மதுரை, திருச்சி மாதிரி வறண்ட வெயில் உள்ள ஊர்களில் தண்ணீர் நன்றாகக் குளிரும். சென்னையில் கடற்காற்றின் ஈரத்தால் ஆவியாதல் குறைவு, குளிர்ச்சியும் குறைவுதான். பானையில் குறை இல்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சில வாரங்களில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும். உப்பு துளைகளை அடைக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளும் புறமும் நாரால் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் ஓரளவு மீளும். வெட்டிவேர் போடுவதானால் ஒரு சிறு பிடி, வெள்ளைத் துணியில் முடிந்து. மூன்று நாளுக்கொரு முறை எடுத்து வெயிலில் உலர்த்தவில்லை என்றால் வழவழப்பு வந்துவிடும்.

இனி மாவடு. இதற்குத்தான் கவனமும் பொறுமையும் வேண்டும்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி மாதிரி காய்கறிக் கடைகள் வரிசையாக உள்ள தெருக்களில் பங்குனியில் கூடை கூடையாக வடு வந்து இறங்கும். திண்டுக்கல் பக்கம் நத்தம் போன்ற மா விளையும் ஊர்களில் சந்தையிலேயே நல்ல காய் கிடைக்கும். உருண்டை வடுவா, நீள வடுவா என்பது அவரவர் நாக்கின் விருப்பம். உருண்டை சீக்கிரம் ஊறும், நீளம் நாள்பட்டும் கடிக்கக் கறுக்கென்று இருக்கும் என்பது எங்கள் அனுபவம். எந்த வகையானாலும் மூன்று சோதனைகள் உண்டு. ஒன்று காம்பு: ஒவ்வொரு காயிலும் கால் அங்குலமாவது காம்பு ஒட்டியிருக்க வேண்டும். மாவடுவின் மணம் காம்படிப் பாலில்தான் இருக்கிறது. காம்பு பிய்ந்த காயில் பால் வடிந்து போயிருக்கும், அந்த வாய் வழியே அழுகலும் நுழையும். இரண்டு கொட்டை: ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி தடையின்றி இறங்கி, உள்ளே பருப்பு வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் சரி. கத்தி நறநறத்தால் அது ஆவக்காய்க்குப் போகும் வழியில் இருக்கிறது. மூன்று அளவு: கிலோவுக்கு நூறு காய்க்குக் குறையாமல் நின்றால் நல்ல பிஞ்சு.

கோடை மழைக்கும் காற்றுக்கும் மறுநாள் சந்தையில் வடு மலிவாகக் கிடைக்கும். அது உதிர்ந்து விழுந்த காய். தரையில் பட்ட இடம் வெளியே தெரியாது, உப்பில் போட்ட பத்தாம் நாள் அந்த இடம் கொழகொழவென்று ஆகிவிடும். துவையலுக்கோ பருப்பிலோ போட்டு அன்றைக்கே தீர்த்துவிடலாம், ஜாடிக்கு வேண்டாம். நல்ல வடுவையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். வேர்த்துப்போகும். வாங்கிய அன்றே கழுவி, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் இரண்டு மணி நேரம் உலர விடுங்கள்.

ஒரு கிலோ வடுவுக்கு எங்கள் அளவு: கல்லுப்பு 200 கிராம், மிளகாய் வற்றல் 50 கிராம், கடுகு 30 கிராம், மஞ்சள்தூள் 10 கிராம், விளக்கெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி.

உப்பைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகும் ஜாடிகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்கு உப்பு என்பது பழைய கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி, ஆகவே எட்டுக்கு ஒன்று. ஆனால் அது கொள்ளளவுக் கணக்கு. படியில் வடு இடைவெளி விட்டு நிற்கும், ஆழாக்கில் உப்போ நெருக்கமாக, கனமாக இருக்கும். தராசில் வைத்தால் அந்த விகிதம் நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று வரும். இது தெரியாமல் கிலோவுக்கு 125 கிராம் என்று எடையில் எட்டில் ஒரு பங்கு போட்டால் பத்து நாளில் மேலே வெள்ளை ஆடை படியும். பொடியுப்பைக் கரண்டியால் அளந்து போட்டாலும் குழப்பம்தான், அதே கரண்டியில் பொடி கூடுதலாக ஏறும். எந்த உப்பானாலும் நிறுத்துப் போடுவதே நல்லது.

முதல் நாள் விளக்கெண்ணெயை வடு முழுக்கப் பட்டும் படாமலும் புரட்டவும். உப்பும் மஞ்சளும் தோலில் ஒட்டிப் பிடிக்க இது உதவும், தோலும் மினுமினுப்பாக நிற்கும். நல்லெண்ணெயும் போடலாம், ஆனால் அதன் மணம் மாவடு மணத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. எங்கள் ஓட்டு விளக்கெண்ணெய்க்கே. பிறகு ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி உப்பும் மஞ்சளும், மறுபடி வடு என்று அடுக்கி, மேலே உப்பு நிற்கும்படி முடிக்கவும். ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் பீங்கான் ஜாடி சரி. குலுக்க இடம் வேண்டும் என்பதால் கழுத்துவரை நிரப்பக்கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். வாயில் மெல்லிய துணியால் வேடு கட்டி, மூடியை மேலே வையுங்கள்.

மறுநாள் காலையில் ஜாடியின் அடியில் கொஞ்சம் ஈரம்தான் தெரியும். காலையும் மாலையும் குலுக்கி விட, மூன்றாம் நாள் வடு தன் தண்ணீரை விட்டுப் பாதி மூழ்கும். தோல் சுருங்கத் தொடங்கும், பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்குத் திரும்பும். சுருக்கம் விழுவதுதான் நல்ல குறி. உப்பு உள்ளே போகிறது, நீர் வெளியே வருகிறது. ஐந்தாம் நாளும் வழவழப்பாக, உப்பியபடி இருக்கும் காயை அழுத்திப் பாருங்கள். இளகினால் எறிந்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் முற்றல், அது கடைசியாகத்தான் ஊறும்.

நான்காம் நாள் காரம். மிளகாயையும் கடுகையும் தனித்தனியே நல்ல வெயிலில் ஒரு பகல் காய வைக்கவும். கடுகை வறுக்கக்கூடாது, சூடு பட்டால் அதன் காரத்தை உண்டாக்கும் நொதி செத்துப்போகும், வாசனை இருந்தாலும் அந்தச் சுரீர் வராது. மிளகாயை முதலில் பொடித்து, கடுகைச் சேர்த்து, ஜாடியில் ஊறிய தண்ணீரையே கொஞ்சம் எடுத்து விட்டு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி அரைக்கவும். ஒரே மூச்சில் ஓட்டினால் விழுது சூடேறிக் கசக்கும். அரைத்ததை ஜாடியில் கொட்டி, வறண்ட மரக்கரண்டியால் அடி முதல் கிளறவும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேரக்கூடாது. வடு போதிய நீர் விடாமல் மேல் வரிசை வெளியே தெரிந்தால் 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, 40 கிராம் உப்பு கரைத்து, முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள்.

பத்து நாள்வரை தினமும் குலுக்கல், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறல். மேலே மிதக்கும் காய்தான் முதலில் பூசணம் பிடிக்கும். சிறு பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் எல்லாம் முங்கி நிற்கும். பதினைந்தாம் நாள் எடுத்துக் கடித்தால் உப்பு மட்டும் தனியாகத் தெரியும். இருபதாம் நாளுக்கு மேல்தான் உப்பும் புளிப்பும் காரமும் சேரும். அவசரப்பட்டு நடுவில் உப்பைக் குறைக்கத் தண்ணீர் சேர்ப்பவர்கள் ஜாடியையே இழப்பார்கள். வடு தீர்ந்த பிறகு அடியில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். மோர் சாதத்துக்கு ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் வேறு தொட்டுக்கொள்ள வேண்டாம். தை மாதம் பச்சை மிளகு கிடைத்தால் அதில் கொத்தாகப் போட்டு ஊற வைக்கலாம்.

மாவடு ஊறும் நாட்களில் தெருவில் நுங்கு வண்டியும் வந்துவிடும். சீவும்போதே கவனியுங்கள்: கண் பிதுங்காமல், விரல் பட்டால் தளதளவென்று, உள்ளே நீர் நின்றால் இளசு. வெள்ளை கெட்டிப்பட்டிருந்தால் வயிற்றில் கனக்கும். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தோல் தடித்துவிடும். பதநீர் குடிப்பவர்கள் காலையிலேயே போவது நல்லது. கலயத்தில் தடவும் சுண்ணாம்பு புளிப்பதைத் தள்ளிப் போடும், வெயில் ஏறினால் அதற்கும் சுவை மாறும்.

வேப்பம்பூவுக்குச் செலவே இல்லை, ஒரு பழைய வெள்ளை வேட்டி போதும். மாலையில் மரத்தடியைப் பெருக்கி, வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தால் விடியலில் பூ கொட்டிக் கிடக்கும். வெயில் ஏறும் முன் சுருட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு சேரும், தூசியும் சேரும். உதிர்வதில் பெரும்பகுதி பிஞ்சு பிடிக்காத பூ, எடுப்பதால் வேப்பங்கொட்டைக்கு நட்டமில்லை. கொம்பை ஒடித்துப் பூ உருவுவது மரத்துக்கும் கேடு, வேலையும் கூடுதல். இலைக்காம்பைப் பொறுக்கியே மாளாது. நுனிக் கொம்புகள் கருகி நிற்கும் நோய் இப்போது பல வேம்புகளில் தெரிகிறது, அந்த மரங்களில் பூ சொற்பம்தான். மருந்தடித்த தோட்டத்தை ஒட்டிய மரத்தையும், வண்டிப் புகை படியும் சாலையோர மரத்தையும் விட்டுவிடுங்கள்.

முறத்தில் புடைத்துக் காம்பு, குச்சி நீக்கி, மெல்லிசாகப் பரப்பி, நிழலில் மூன்று நாளும் கடைசியாக ஒரு பகல் வெயிலும் காட்டினால் பூ பழுப்பேறி மொறமொறக்கும். அளவு கால்வாசிக்குக் கீழே போகும், ஆகவே கூடை நிறையச் சேர்த்தால்தான் வருஷத்துக்கு ஒரு பாட்டில் தேறும். குவியலாகப் போட்டால் நடுவில் வேர்த்துக் கறுத்துவிடும். கசப்பு அதிகம் வேண்டாதவர்கள் பாதியை உப்புப் போட்ட கெட்டி மோரில் ஒரு ராத்திரி ஊற வைத்து, பிழிந்து, வெயிலில் வற்றலாக்கலாம். வறுத்தால் அப்பளத்துக்கு ஈடாகச் சாதத்தோடு போகும்.

ரசத்துக்கு நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி பூ. நெல்லிக்காய் அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, உப்பு, பெருங்காயம், இரண்டு மிளகாய் வற்றல், ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு தாளித்துக் கொதிக்க விட்டு, பச்சை வாசனை போனதும் அடுப்பை அணையுங்கள். இரண்டு தேக்கரண்டி நெய்யில் பூவைச் சிறு தீயில் வறுத்து, காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் ரசத்தில் கொட்டி மூடுங்கள். பூவையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் கசப்பு முழுக்க இறங்கி, குடிக்கவே முடியாது.

சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் அதே விதிதான். 200 கிராம் மாங்காயைத் தோல் சீவி, மஞ்சள், ஒரு சிட்டிகை உப்புடன் முதலில் நன்றாக வேக வையுங்கள். வெந்த பிறகுதான் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மணல் போக வடிகட்டி ஊற்ற வேண்டும். முன்பே இனிப்புச் சேர்ந்துவிட்டால் துண்டுகள் அதற்கு மேல் குழையாமல் விறைத்து நிற்கும். கெட்டியானதும் கடுகு, மிளகாய் தாளித்து இறக்குங்கள். நெய்யில் வறுத்த வேப்பம்பூ ஒரு தேக்கரண்டியைத் தனியாக வைத்திருந்து இலையில் பரிமாறும்போது மேலே தூவினால், மொறுமொறுப்பு குறையாமல் கசப்பு கடைசியில் லேசாக வந்து தொடும். மிச்சம் வறுத்த பூவைக் கல்லுப்புடன் நுணுக்கி வைத்தால் இரண்டு வாரம்வரை சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைய உதவும்.