சைக்கிளை விட்டு இறங்காதவர்

1990இல் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியபோது எனக்கு வயது 19. அப்புறம் மண்டபம் கேம்ப்: பதிவு, ஓர் அறை, பாய், அரிசி, கையில் கொஞ்சம் காசு. அதெல்லாம் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற கதைதான். கேம்புக்கு வெளியே, ஒரு வேலையும் இல்லாமல் ஊர்ச் சனத்தோடு நான் முதன்முதலாக நின்றது ஒரு சைக்கிள்காரரைப் பார்க்கத்தான்.

பொட்டலில் ஒரு வட்டம், நடுவே கம்பம், அதில் குழாய் ஸ்பீக்கர். ஏழு நாள் இரவு பகலாக இறங்காமல் ஓட்டப் போவதாக அறிவிப்பு. நான் போனது மூன்றாம் நாள் பின்னேரம். பையன் ஒருவன் நீட்டிய சின்னக் குடத்தை ஓடுகிற சைக்கிளிலிருந்தே வாங்கித் தலையில் கவிழ்த்தார். சொட்டச் சொட்ட ஒரு சுற்று வந்து குடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. சட்டையில் குத்தியிருந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள் கடற்காற்றில் படபடத்தன.

"ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கிப் படுத்துக்கிறாப்ல" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். இருக்கலாம். இருட்டுவதற்குள் கேம்புக்குத் திரும்ப வேண்டிய எனக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நம்புவதென்றே வைத்துக்கொண்டேன்.

"சரியாக் களைச்சுப் போனார், பாவம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவிச்ச கடலை விற்ற ஆச்சி திரும்பிப் பார்த்தார். "சிலோன்காரப் பிள்ளையா? உங்க ஊர்ல இதெல்லாம் உண்டா?"

கேட்க வேண்டுமா! வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் பெயர், அட்டை எண் தவிர எதையும் கேட்டதில்லை. வல்வெட்டித்துறை ஆனந்தன் கதையை அவிழ்த்துவிட்டேன். 1979இல் கொழும்பு விகாரமாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டிக் கின்னஸில் ஏறியவர். இங்கிலீஷ் கால்வாயை நீந்தப் போய் 1984இல் அங்கேயே உயிரை விட்டவர்.

"187 மணின்னா எத்தனை நாளு?" என்றார் பெரியவர். ஏழே முக்கால் நாள் என்றேன். அவர் வட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்தச் சைக்கிள்காரருக்கு நான் துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது.

விட்டேனா? "அதுமட்டுமில்லை ஐயா, 1971இல் அங்கேயிருந்து இந்தக் கரைக்கு நீந்தி வந்து, திரும்பவும் நீந்திப் போனவர். மொத்தம் 51 மணி நேரம்."

கடலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சியின் கை நின்றது.

"இம்புட்டுத் தூரம் வந்து கரையேறுனவுக, எதுக்குய்யா திரும்பப் போனாக?"

சாதனைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சைக்கிள் எங்கள் பக்கமாக வந்து திரும்பியது. ஆச்சி பொட்டலத்தைக் கையில் திணித்தார், காசு கேட்கவில்லை.