துளையிடும் சேற்றை வேக்கம் லாரியால் அகற்றிய அனுபவம்

சாலையை வெட்டாமல் அதன் அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாயை இழுத்துச் செல்லும் பணியில், துளையிடுவதைக் காட்டிலும் துளையிலிருந்து திரும்பி வரும் சேற்றை அப்புறப்படுத்துவதே பெரிய வேலை. நுழைவுக் குழியும் வெளியேறும் குழியும் ஒரே நேரத்தில் நிரம்பி நின்ற ஒரு பணியிடத்தில், அந்த வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தயாரிக்கும் இந்தச் சேறு, துளையின் சுவர் சரியாமல் தாங்குகிறது, துளைமுனையைக் குளிர்விக்கிறது, வெட்டுண்ட மண்ணையும் வெளியே சுமந்து வருகிறது. கலக்கிக்கொண்டே இருந்தால் ஓடும். அசையாமல் விட்டால் கூழாக இறுகும். துளைக்குள் நமக்கு உதவும் இந்தக் குணமே குழிக்குள் தொல்லையாகிவிடுகிறது. மண்வெட்டியால் அள்ளினால் வழுக்கி வழிகிறது. சாதாரண பம்பை இறக்கினால் அடியில் படிந்த மணல் அதன் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரத்தை, அரித்துத் தின்றுவிடுகிறது. ஆகவேதான், வெற்றிடத்தால் ஹோஸ் வழியே சேற்றை உறிஞ்சித் தன் டேங்கில் ஏற்றிக்கொள்ளும் வேக்கம் லாரியை வரவழைத்தோம்.

லாரி வந்து சேருமுன் சேற்றின் அடர்த்தியை அளந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மட் பேலன்ஸ் என்னும் சிறு தராசின் கிண்ணத்தில் சேற்றை நிரப்பி, மூடியை அழுத்தி, மூடியிலுள்ள துளை வழியே பிதுங்கி வருவதைத் துடைத்துவிட்டு, தண்டின் மீதுள்ள எடையை நகர்த்தினால், நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்குமிடத்தில் அடர்த்தியைப் படித்துக்கொள்ளலாம். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால், புதிதாகக் கலக்கிய பென்டோனைட் கரைசல் பொதுவாக 1.03 முதல் 1.05 வரைதான் காட்டும். எங்கள் குழியின் மேற்பரப்பில் எடுத்தது 1.2-ஐ ஒட்டி இருந்தது. நீண்ட கைப்பிடிக் குவளையை இறக்கி அடியிலிருந்து எடுத்ததோ 1.4-ஐத் தொட்டது. 10 கன மீட்டர் டேங்கில் தண்ணீர் நிரம்பினால் 10 டன். அதே டேங்கில் இந்த அடிச்சேறு நிரம்பினால் 14 டன். லாரி தாங்கும் சுமை 10 டன் என்றால், 7 கன மீட்டரைத் தாண்டியதுமே உறிஞ்சுவதை நிறுத்தியாக வேண்டும். டேங்கில் இன்னும் இடம் இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் அச்சையும் பிரேக்கையும் மறந்துவிடுகிறார்கள். எத்தனை நடை தேவை என்பதைக் குழியின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடாமல், சேற்றின் எடையைக் கொண்டு கணக்கிட்டதால்தான் எங்கள் திட்டம் குலையாமல் நடந்தது. பாதி நிரம்பிய டேங்கில் சேறு அலைபாயும் என்பதையும் நினைவில் வைத்து, வளைவுகளில் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும்.

உறிஞ்சுவதிலும் எடைதான் குறுக்கே நிற்கிறது. முழு வெற்றிடமே கிடைத்தாலும் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் தூக்காது, 1.4 அடர்த்தியுள்ள சேற்றை ஏறத்தாழ 7.4 மீட்டர் வரைதான் தூக்கும், நடைமுறையில் அதைவிடவும் குறைவு. ஆனால் சேற்றோடு காற்றும் கலந்து விரைந்து சென்றால், அது துண்டு துண்டாக ஹோஸில் ஏறிவிடுகிறது. ஹோஸைப் பிடித்திருந்த எங்கள் பையனிடம் லாரி ஆபரேட்டர் அடிக்கடி சொன்னது இதைத்தான்: “முனையை முழுசா முக்காதே தம்பி, காத்தும் சேர்ந்து போகணும்.” முனை பாதி வெளியே இருக்கும்போது ஹோஸ் கடகடவென்று அதிர்ந்தபடி இழுக்கும், முழுவதும் மூழ்கிவிட்டால் சத்தம் சட்டென்று அடங்கி, வெற்றிட மானியின் முள் ஏறத் தொடங்கும். சற்று நேரத்தில் மானியைப் பார்க்காமலேயே, காதால் கேட்டு முனையை உயர்த்தப் பழகிவிட்டோம். ஹோஸை இயன்றவரை நேராகவும் குட்டையாகவும் போட்டுக்கொண்டதும் பெரிதும் உதவியது.

அடியில் இறுகிக் கிடந்த மணல் கலந்த படிவுதான் எங்களைப் படுத்தியது. உயரழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால் அது உடனே இளகிவிடும் என்பது உண்மையே. எனினும் பீய்ச்சும் ஒவ்வொரு லிட்டரையும் நாமே மீண்டும் உறிஞ்சி, சுமந்து, இறக்க வேண்டும் என்பதால், முதலில் எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டால் படிவைக் கிளறிவிட்டு, மேலே இருந்த நீர்த்த சேற்றையே அதனுடன் கலக்கவிட்டோம். அப்படியும் அசையாத மூலைகளுக்கு மட்டுமே தண்ணீரைப் பயன்படுத்தினோம். தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிடுவது வேலை வேகமாக நடப்பதுபோல் காட்டும். லாரி நடைகளை எண்ணும்போதுதான் அதன் விலை தெரியும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களுக்கு நான் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. சுவருக்குத் தாங்கல் இல்லாத குழிக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. ஹோஸ் முனையில் கல் சிக்கினால் கையை நீட்டும் முன்பே, வெற்றிடத்தை விடுவிக்கும் வால்வைத் திறந்துவிட வேண்டும். அந்த வால்வின் அருகே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். பெரிய ஹோஸின் இழுவையில் கை மாட்டிக்கொண்டால் சும்மா இழுத்து விடுவித்துக்கொள்ள முடியாது.

மேலே இருந்த நீர்த்த சேற்றை முதலில் அதிர்வுச் சல்லடையிலும் பிறகு சேற்றைச் சுழலவிட்டு மணலை ஒதுக்கும் ஹைட்ரோசைக்ளோனிலும் செலுத்தி, மணலைப் பிரித்து, மீண்டும் துளையிடப் பயன்படுத்தினோம். எஞ்சிய கெட்டிச் சேற்றைக் கழிவுத் தளத்தில் சேர்க்க, அதிலிருந்து தண்ணீர் தனியே வடியக் கூடாது என்பது நிபந்தனை. பெயின்ட் வடிகட்டும் கூம்பு வடிகட்டியில் 100 மில்லி சேற்றை ஊற்றி, 5 நிமிடத்தில் ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்ப்பது அதற்கான சோதனை. முதல் சுமை சொட்டியது. மரத்தூளைக் கலந்து கிளறி மறுபடி ஊற்றியபோது சொட்டவில்லை. அருகிலுள்ள வடிகாலில் விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தபோது மறுத்துவிட்டேன். பென்டோனைட் நஞ்சில்லாததுதான், ஆனால் அதன் நுண்ணிய களிமண் ஓடையின் அடியில் படிந்து, மீன் முட்டைகளையும் அடிமட்ட உயிர்களையும் மூச்சடைக்கச் செய்துவிடும்.

சேற்றை இறக்கிய உடனேயே டேங்கைக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் இரவு முழுவதும் விட்டால் மூலைகளில் ஒட்டிய களிமண் காய்ந்து, அடுத்த நடையின் கொள்ளளவைத் தின்றுவிடும். அந்தக் கழுவுநீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைத்து, மறுநாள் புதிய பென்டோனைட்டைக் கரைக்க எடுத்துக்கொண்டோம்.