3 மி.மீ. இடைவெளி

மார்ச் 2

ரிமோட்டில் ஓடும் என் மாதிரிப் படகின் ஷாஃப்டை, அதாவது மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் தண்டை, உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். கிரீஸ் சாம்பல் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ் பால் போல வெளுத்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் தீர்ந்தது. சாம்பல் அப்படியில்லை, அது உலோகத் தூள். ஷாஃப்டின் ஃப்ளெக்ஸ் கேபிள், அதாவது முறுக்கிய கம்பி இழைகளால் ஆன வளையும் பகுதி, அது ஓடும் பித்தளைக் குழாயை எங்கோ அரைத்துக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் டெஃப்லான் உறை ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபக்கம் பித்தளை வெறுமையாகக் கிடக்கிறது.

இரவு: கேபிளை விரலிடுக்கில் வைத்து முழு நீளத்துக்கும் உருட்டிப் பார்த்தேன். ஓர் இடம் மட்டும் பளபளக்கிறது, காலெட்டிலிருந்து (கேபிளை மோட்டாரோடு இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) 60 மி.மீ. தள்ளி. குழாயின் வளைவு தொடங்கும் இடம் அதுதான்.

மார்ச் 3

கால்வாசி த்ராட்டிலில் (வேக விசை) மோட்டார் தனியாக 1.1 ஆம்பியர். ஷாஃப்டை மாட்டினால் 3.4. புரொப்பெல்லர் இல்லாமலேயே.

மார்ச் 4

அந்த 2.3 ஆம்பியர் வித்தியாசம் நாள் முழுக்க மனதில் ஓடியது. 14.8 வோல்ட்டால் பெருக்கினால் 34 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் தின்கிற மின்சாரம், ஒரு பித்தளைக் குழாய்க்குள் உராய்வாக எரிகிறது. முழு த்ராட்டிலில் எவ்வளவு ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மோட்டார் சூடானால் எல்லோரும் முதலில் மோட்டாரைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றான ஈ.எஸ்.சி.யை. ஷாஃப்ட் கோணலை யாரும் சந்தேகப்படுவதில்லை, அது சத்தம் போடாமல் தின்னும் என்பதால்.

கோணலைப் பிடிக்க மீட்டரைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டர் வைத்தேன். புரொப்பெல்லரைக் கழற்றியாயிற்று. துணி, ஒயர் எதுவும் காலெட் பக்கம் இல்லை. மோட்டார் மவுண்டின் 4 ஸ்க்ரூவையும் அரைச்சுற்று தளர்த்திவிட்டு, மிகக் குறைந்த த்ராட்டிலில் சில வினாடி சுற்றவிட்டால் மோட்டார் தானே தனக்கு வசதியான இடத்தைத் தேடி உட்காரும். அதன் பின் கால்வாசி த்ராட்டிலில் மீட்டர் 1.5 காட்டியது. அதுதான் இந்தப் படகின் உண்மையான எண். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவாக, எதிரெதிர் மூலையில், கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தி, இறுக்கி, மறுபடி சுற்றவிட்டுப் படித்தேன். மூன்றாவது ஸ்க்ரூவை இறுக்கியதும் 2.6. அந்த மூலையில் மவுண்ட் அடியோடு உட்காரவில்லை, ஸ்க்ரூதான் அதைக் கீழே இழுக்கிறது. 0.3 மி.மீ. வாஷர் ஒன்றை அடியில் செருகினேன். நாலும் இறுக்கிய பிறகு 1.6.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலெட் பக்கம் குழாயின் முனை எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. விரலால் தட்டினால் ஆடுகிறது. ஒரு மரத்துண்டில் பள்ளம் வெட்டி, குழாயை அதில் படுக்கவைத்து எபாக்ஸி போட்டேன். எபாக்ஸி இறுகும்வரை கேபிள் உள்ளேயே இருக்க வேண்டும், மோட்டாரோடு மாட்டிய நிலையில். கேபிளை உருவிவிட்டு ஒட்டினால் புதுக் கோணலை நாமே நிரந்தரமாக்கிவிடுவோம். குழாய் முனைக்கும் காலெட்டுக்கும் நடுவே 10 மி.மீ. விட்டிருக்கிறேன். அதற்கு மேல் நீண்டால் கேபிள் அந்த இடத்தில் சாட்டை போல வீசும்.

மார்ச் 5

டிரைவ் டாகுக்கும் (புரொப்பெல்லருக்கு முன்னால் அதைப் பிடித்துச் சுழற்றும் வளையம்) ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் பிடி) நடுவே 3.0 மி.மீ. அளந்து எழுதிவைக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் கேபிள் சுமையில் முறுக்கேறும். முறுக்கேறினால் நீளம் குறையும். மோட்டார் முனை காலெட்டில் பிடிபட்டிருப்பதால் குறைகிற நீளம் முழுவதும் பின்பக்கமிருந்துதான் வர வேண்டும். டிரைவ் டாக் முன்னால் வந்து ஸ்ட்ரட்டை முட்டும். இடைவெளி இல்லாவிட்டால் முட்டியது முட்டியபடியே அழுத்தி அரைக்கும். ஸ்ட்ரட் முகம் தேயும், மோட்டார் பேரிங் பின்னால் இழுபடும், ஆம்பியர் ஏறும். மேசையில் சுமை இல்லாததால் இந்தக் கோளாறு ஒருபோதும் தெரியாது. தண்ணீரில் மட்டும்தான் நடக்கும்.

4 மி.மீ. கேபிளுக்கு 3 விடுகிறேன். கேபிளின் தடிமன் அளவே விடுவோரும் உண்டு. நீளமான கேபிளுக்கு அது சரி, நீளம் கூடக் கூட முறுக்கும் கூடுகிறது. ஆனால் பாதுகாப்புக்கு என்று 6, 7 விடுவது தவறு. புரொப்பெல்லர் ஸ்ட்ரட்டை விட்டு அவ்வளவு தூரம் தள்ளித் தொங்கினால் ஸ்டப் ஷாஃப்ட் (கேபிளின் பின்முனையில் உள்ள வளையாத தண்டு) வளையும், அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் உள்வளையமான புஷ் ஒரு பக்கமாக முட்டை வடிவில் தேயும்.

வளையாத இரும்பு ஷாஃப்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அது முறுக்கேறிக் குறுகாது. அங்கே அரை மி.மீ.க்குள் இடைவெளியும் ஒரு தேய்மான வாஷரும் போதும். உந்துவிசையை அந்த வாஷர்தான் வாங்க வேண்டும், மோட்டார் பேரிங் அல்ல.

மார்ச் 7

காற்று. தண்ணீரில் விட வழியில்லை.

மார்ச் 8

இன்றும் காற்று. மோட்டாரையும் ஈ.எஸ்.சி.யையும் தண்ணீரால் குளிர்விக்கும் குழாய்களைப் பார்த்தேன்.

ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி தண்ணீர் நுழையும் சுக்கான் துவாரத்தில் வைத்து மெதுவாகத் தள்ளினேன். மறுமுனையில் ஒரே தாரையாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தது. துவாரத்துக்குள் ஒரு புல் நுனி, அடுத்து ஈ.எஸ்.சி.யைத் தாண்டித் திரும்பும் இடத்தில் சிலிக்கான் குழாய் மடங்கியிருந்தது. வளைவைப் பெரிதாக்கினேன். இடமில்லாத வளைவில் குழாயின் மேல் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைச் சுற்றிவிட்டால் மடங்காது.

அடுத்து எதிர்ச் சோதனை. வெளியேறும் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு சிரிஞ்சை அழுத்தினேன். மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டின் பின் ஓ-ரிங்கிலிருந்து (ரப்பர் வளையம்) ஒரு நீர்முத்து எட்டிப் பார்த்தது. ஓ-ரிங்கை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினேன். உலர்ந்த ஓ-ரிங்கை ஜாக்கெட்டுக்குள் தள்ளினால் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கில்தான் கசியும்.

தண்ணீர் முதலில் ஈ.எஸ்.சி., பிறகு மோட்டார், பிறகு வெளியே. வெளியேறும் இடம் படகின் பக்கவாட்டில், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி. அந்தத் தாரை நின்றால் உடனே த்ராட்டிலை விட்டுவிட வேண்டும். சுக்கான் வழியாக நுழையும் தண்ணீர் படகு ஓடினால்தான் நுழையும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. பாசியில் சிக்கி நிற்கும் படகுக்கு முழு த்ராட்டில் கொடுப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை. சூடு உச்சம், தண்ணீர் பூஜ்யம்.

மார்ச் 10

இடைவெளி 2.2.

தொட்டியில் கட்டிவைத்து 40 வினாடி ஓட்டினேன், அவ்வளவுதான். 3.0 விட்டது 2.2 ஆகியிருக்கிறது. முறுக்கு நின்றதும் கேபிள் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும், அதனால் இது முறுக்கில்லை. கேபிள் காலெட்டுக்குள் 0.8 மி.மீ. புகுந்திருக்கிறது. புரொப்பெல்லர் படகைத் தள்ளும்போது கேபிளையும் முன்னால் தள்ளுகிறது. காலெட் பிடிக்கவில்லை.

மார்ச் 11

காலெட்டைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ். கேபிளைக் குழாய் வழியாகச் செருகும்போது முனையில் ஒட்டியது அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கேபிள் முனையையும் காலெட்டையும் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துடைத்தேன். இனி முனையில் 25 மி.மீ. உலர்ந்தபடியே போகும், கிரீஸ் அதற்குப் பின்னால்தான் தொடங்கும்.

இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மோட்டாரைக் கையால் பிடித்து இறுக்குவது இறுக்கமே இல்லை. இறுக்கிய பிறகு கேபிளிலிருந்து காலெட் நட் வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டேன். கோடு முறிந்தால் வழுக்கியிருக்கிறது. இதைவிட மலிவான காவலாளி கிடையாது.

காலெட் முழுவதும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதவேண்டும். த்ராட்டிலை விட்டதும் தண்ணீரின் இழுப்பில் ஷாஃப்ட் பின்னால் உருவிக்கொண்டு புரொப்பெல்லரோடு அடியில் போய்விடும். திறந்த குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். படகுக்குள் நுரைத்துண்டுகள் இருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். 1 லிட்டர் நுரை கிட்டத்தட்ட 1 கிலோவைத் தாங்கும். மூக்கில் கொஞ்சம், இரண்டு பக்கமும் கொஞ்சம்.

மார்ச் 12

3.0. தொட்டியில் ஒரு நிமிடம். பிறகும் 3.0. கோடு நேராக இருக்கிறது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 13

40 மி.மீ. புரொப்பெல்லருக்குப் பதில் 42 போட்டால் என்ன என்று ஓர் ஆசை. அதே சுழற்சி வேகத்தில் புரொப்பெல்லர் கேட்கிற சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 1.05-ஐ ஐந்து முறை பெருக்கினால் 1.28. இரண்டே மில்லிமீட்டருக்கு 28 சதவீதம். மோட்டார் கொஞ்சம் வேகம் குறைந்து அதில் சிறிது விட்டுக்கொடுக்கும் என்றாலும், வேண்டாம். 40 போதும்.

அதையே சமன் பார்த்தேன். பேலன்ஸரில் ஒரு இதழ் எப்போதும் கீழே வந்தது. கனமான இதழில் படகைப் பார்க்கும் பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும், தண்ணீரைத் தள்ளும் முகத்தைத் தொடக்கூடாது. பெரிலியம் செம்புக் கலவைப் புரொப்பெல்லராக இருந்தால் ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியோடு, தேய்த்த சேற்றைத் துடைத்த துணியைக் கட்டி எறிய வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. இதில் அலட்சியம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

சமனில்லாத புரொப்பெல்லர் முதலில் தேய்ப்பது ஸ்ட்ரட் புஷ்ஷை. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் விரலுக்கே தெரிகிற ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது.

மார்ச் 14

ஸ்க்ரூக்கள். உலோகத்தில் உலோகம் என்றால் நீல த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை), ஒரு சொட்டு, எண்ணெய் துடைத்த பிறகு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை சூடுகாட்டித்தான் கழற்ற முடியும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேல் எந்த த்ரெட்லாக்கரும் படவே கூடாது, சில நாளில் மயிரிழை விரிசல் விடும். டிரைவ் டாகின் கிரப் ஸ்க்ரூவுக்கு (தலையில்லாத ஸ்க்ரூ) ஸ்டப் ஷாஃப்டில் தட்டையாக ஓரிடம் அராவியிருக்க வேண்டும். உருண்டையின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிப்பல்ல.

மார்ச் 15

சுக்கான். சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான செர்வோவின் கொம்பிலிருந்து சுக்கான் வரை எல்லா மூட்டும் சேர்த்து 2 மி.மீ. ஆட்டம். கொம்பின் துவாரம் தேய்ந்திருக்கிறது, கொம்பை மாற்றினேன். தள்ளுகம்பி வெளியேறும் இடத்து தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் பெல்லோஸின் (மடிப்புறை) மடிப்பில் நுண்ணிய கிழிசல். மடித்து விரித்துப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம்.

சுக்கானைப் பிடிக்கும் நைலான் பின்னை உலோகமாக மாற்றவே கூடாது. கட்டை இடித்தால் உடைவதற்காகத்தான் அது இருக்கிறது. அது உடையாவிட்டால் படகின் பின்பலகை உடையும்.

மார்ச் 17

காற்று இல்லை.

முதல் ஓட்டம் 1 நிமிடம் மட்டும். உடனே கரை, உடனே ஹாட்ச் (படகின் மேல்மூடி), உடனே வெப்பமானி. மோட்டார் 41 டிகிரி, ஈ.எஸ்.சி. 38. அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் குறைவாகக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்ட வேண்டும். 60-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவேன். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும், அந்த இழப்பு ஆறினாலும் திரும்பாது. வெளித்தகட்டில் 60 என்றால் உள்ளே அதற்கு மேல்.

இரண்டாவது ஓட்டம் 3 நிமிடம். மோட்டார் 49. குழாயைத் தொட்டேன், வெதுவெதுப்புகூட இல்லை. அந்த 34 வாட்டில் பெரும்பகுதி போய்விட்டது!

இடைவெளி 3.0.

மார்ச் 18

நேற்று வீடு வந்ததும் செய்தது: ஹாட்ச் திறந்து வைத்தேன். ஷாஃப்டை உருவி, துடைத்து, மரைன் கிரீஸ் (தண்ணீரைத் தாங்கும் கிரீஸ்) தடவிக் குழாய்க்குள் பாதிவரை மட்டும் செருகிவைத்தேன். மோட்டார் பேரிங் இரண்டிலும் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. லிப்போ பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தேன். உப்புத்தண்ணீரில் ஓட்டியிருந்தால் இதற்கெல்லாம் முன்னால் நல்ல தண்ணீர் கழுவல், குளிர்ச்சிக் குழாய்க்குள்ளும் சிரிஞ்சில். அலுமினிய ஸ்ட்ரட்டில் எஃகு ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் உப்பு தங்கினால் அலுமினியம்தான் அரிக்கப்படும், அதனால் புரியில் கிரீஸ்.

மூடிய ஹாட்சுக்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஒரு வாரம் இருந்தால் பேரிங் கரகரக்கும்.

மார்ச் 20

கிரீஸ் தேன் நிறம்.

மார்ச் 21

6 ஓட்டம். இடைவெளி 3.0, கோடு நேர். கேபிளைத் துணியில் உருவும்போது துணியின் நூல் ஒன்று சிக்கியது. சிக்கிய இடத்தை விளக்கில் பார்த்தேன். ஒரே ஒரு இழை எழும்பியிருக்கிறது. காலெட்டிலிருந்து 60 மி.மீ. அதே பளபளத்த இடம். கோணலைச் சரிசெய்தேன், ஆனால் அதற்கு முன் அது தின்றது தின்றதுதான்.

ஒரு இழைதானே என்று இன்னொரு நாள் ஓட்ட முடியாது. புதிய கேபிளை அளந்து, வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு ஊறவிட்டு, கட்-ஆஃப் சக்கரத்தில் வெட்டினேன். இழை பிரியவில்லை. முனை 25 மி.மீ. உலர்வாக. இரண்டு ஸ்பேனர். கோடு.

இடைவெளி 3.1.