பாறையில் பாதிக் கால் நிற்காது

நம்ம தாமிரபரணி பிறக்கிற பொதிகைக்கு நடந்து போகணும்னா இப்போதைக்குத் திருவனந்தபுரம் சுற்றித்தான் வழி. நம்ம பக்கம் முழுக்கக் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிக் கேரள வனத்துறை அனுமதி கொடுக்கும். போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் ராத் தங்கி, மறுநாள் 1,868 மீட்டர் உச்சி.

தயாரிப்பைப் பண்பொழி திருமலைக் கோயில் படியில் தொடங்கினேன். அறுநூற்றுக்கும் மேல் படி. ஏறுகிறதில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கினதுக்கு மறுநாள்தான் தொடை கதறும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே கனத்தைத் தாங்குவதால் வருகிற வலி அது. ஒருதடவை பட்டுவிட்டால் அடுத்த தடவை வலி குறையும். அதனால் ஏறுவதைவிட நிதானமாக இறங்கிப் பழகினேன்.

உருப்படியான பாடம் கடையம் பக்கத்தில் ஒரு பொத்தையில்தான், அதாவது சின்னப் பாறைக்குன்றில்தான், கிடைத்தது. கூட வந்த அண்ணாச்சி அறுபதைத் தாண்டினவர், ஆடு மேய்த்த கால். சரிவுப் பாறையில் நான் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து சத்தம் போட்டார்: "ஏலே, பாறையக் கட்டிப் பிடிக்காதல! நிமிந்து நில்லு. கால நம்பு."

நிமிர்ந்தால் விழுந்துவிடுவோம் என்றுதான் உடம்பு சொல்லும். நிஜம் நேர்மாறு. பாறையை ஒட்டிச் சாய்ந்தால் கனம் கைக்கும் போய்விடுகிறது. பாதத்தில் அழுத்தம் குறைந்து கால் வெளியே வழுக்குகிறது. நிமிர்ந்து மொத்தக் கனத்தையும் பாதத்தின் மேல் இறக்கினால் பிடிமானம் கூடுகிறது. கால் வைக்கும் முன் பாசி இருக்கா, ஈரமா, கல் ஆடுதா என்று எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படலாம். வைத்த பிறகு சந்தேகப்பட்டால்தான் ஆபத்து. பொதிகை உச்சிக்குக் கீழே கயிறு பிடித்து ஏறுகிற பாறையில் இது அப்படியே கைகொடுத்தது. கயிற்றில் தொங்கினவர்களுக்குத் தோள் போச்சு. காலில் நின்றவர்கள் சிரமமில்லாமல் ஏறினார்கள்.

ஒரு காரியத்தில் முழுசாக இறங்குவது என்றால் முட்டி மோதுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1953 மே 26 அன்று பிரிட்டிஷ் மலையேறிகள் டாம் போர்டிலனும் சார்லஸ் எவான்ஸும் எவரெஸ்ட்டின் தென் உச்சியைத் தொட்டார்கள். அதுவரை யாரும் ஏறாத உயரம். மிச்சம் நூறு மீட்டர் போல. ஆக்சிஜன் கருவி படுத்தியது, நேரமும் போயிருந்தது. திரும்பிவிட்டார்கள். கொஞ்சம் ஆக்சிஜன் மீந்த குப்பிகளை வழியில் விட்டுவிட்டு வந்தார்கள். மே 29 அன்று உச்சியைத் தொட்ட ஹில்லரியும் டென்சிங்கும் இறங்கும்போது அவைதான் உதவின. போர்டிலனும் எவான்ஸும் திரும்பினதை அரைமனசு என்று நான் சொல்லமாட்டேன். பாசி தெரிந்தால் காலை எடுப்பதும் இதே கணக்குதான்.

உச்சியில் அகத்தியர் சிலை, காற்று, மேகம். பார்க்க ஒன்றும் இல்லை, மேகம் மூடிவிட்டது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மலையைவிட எனக்கு முக்கியமானது வீட்டுக் கணக்கு. சேரன்மாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருக்கிறது. பல வருஷமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பொங்கலுக்கு வரப்பில் நின்று போட்டோ எடுக்கிற விவசாயி நான். 'ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்க்கலாமா' என்று அம்மாவிடம் கேட்டேன். "போட்டா முழுசாப் போடு, இல்லாட்டி விடு. மூலைக்குத் தனியா யாருல தண்ணி காவல் காப்பா?" என்றாள். சரியான கேள்வி. மடை திறக்கிற ராத்திரியில் தூங்கப் போகிறவனுக்கு மூலையும் விளையாது.

பொத்தையில் செய்ததையே இங்கேயும் செய்தேன்: முதலில் சோதனை. மண் பரிசோதனை, ஆள் கூலி, நடவுக்கு யார் வருவார்கள், அலுவலகத்தில் எவ்வளவு விடுப்பு கிடைக்கும். எல்லாம் பார்த்தபின் குத்தகைக்காரரிடம் முகத்துக்கு நேரே பேசி, அவர் பிசானப் பருவ நெல்லை அறுத்ததும் வயலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முடிவு. வருகிற கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் ரகம் போடப்போகிறேன். நாலு மாசத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் படிப் பயிற்சி நாற்றங்கால் போடும்வரை மட்டும் நடக்கும், அதுக்கப்புறம் கிடையாது.